கத்திரி வெயிலிலிருந்து ஒரு பதில்

தோட்டப்பாளையம், வேலூர்
மே 22

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கத்திரி முடியும்வரை இரண்டு பேரும் கோயம்புத்தூர் வந்துவிடுங்கள், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அண்ணாவும் இவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கவனிக்காதவளாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் வரவில்லை மல்லி. கோபித்துக்கொள்ளாதே. காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அண்ணா வழியாக இவர் காதுக்குப் போய்விடக் கூடாது.

இவர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் கணக்கு எழுதிய காலம் உனக்குத் தெரியும். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் முகம் பார்ப்பேன். நானும் பள்ளிக்கூடம், விடைத்தாள், டியூஷன் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆனால் வீட்டில் இருப்பார் என்று நம்பினேன். எங்கே! விடிந்தால் வாக்கிங் கூட்டம், அப்புறம் டீக்கடை, தெருமுனைப் பிள்ளையார் கோயில் கணக்கு, யாருக்காவது சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸுக்குத் துணை. வருஷத்தில் முக்கால்வாசி மனிதர் ஊருக்குச் சொந்தம். பங்குனி கழிந்து வெயில் ஏறினால்தான் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் வந்து, சாயங்காலம் ஐந்தரை வரை வாசல்படி தாண்டாமல் இருக்கிறார். பகல் வெளிச்சத்தில் இவரோடு சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேசக் கிடைப்பது இந்த வெயிலால்தான். அதை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்தால், இவர் அண்ணாவோடு சேர்ந்துகொண்டு பேரூர், மருதமலை என்று காலையிலேயே கிளம்பிவிடுவார். எனக்கு என்ன லாபம், சொல்லு?

வெயில் கொஞ்சம் என்று சொல்லவில்லை. பேப்பர்காரர்கள் இன்னமும் பாரன்ஹீட்டில்தான் எழுதுகிறார்கள், 'சதம் அடித்தது' என்று தலைப்புப் போட வசதியாக. இங்கே மே மாதத்தில் 104, 106 எல்லாம் யாரும் பேசுவதில்லை. 110ஐத் தொட்ட வருஷங்களும் உண்டு. நாலு பக்கமும் மொட்டைப் பாறை மலை, கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மெட்ராஸில் மத்தியானமே வீசத் தொடங்குகிற கடல்காற்று, காஞ்சிபுரம் தாண்டி இங்கே வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். பல நாள் வழியிலேயே நின்றுவிடும். பகலெல்லாம் குடித்த சூட்டைப் பாறை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கிறது. பத்து மணிக்கு மொட்டைமாடிச் சுவரில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்தான்.

அந்தக் காற்றுக்காக இவர் காத்திருப்பதை நீ பார்க்க வேண்டும். ஏழரை மணிக்கு மாடியேறி, கிழக்கே பார்த்து நிற்பார். கொடியில் துணி லேசாக ஆடினால் போதும், "வந்துடுச்சு" என்று மேலிருந்து குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு ஏ.சி. பெட்டி ஊதுகிற காற்று அது என்று எனக்குத் தெரியும். சொல்வதில்லை. போன வாரம் நிஜமாகவே வந்தது. குளிர்காற்று உள்ளே புகுந்ததும் மேற்கே மேகம் கறுத்தது. முதலில் புழுதி, அப்புறம் இடி, அப்புறம் ஒரு காட்டு மழை. கால்மணி நேரம்தான். எதிர்வீட்டு முருங்கை ஒடிந்து ஒயரில் விழுந்து கரண்ட் போனது. கரண்ட் ஆபீஸுக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தெருவே மாடியில் வந்து உட்கார்ந்தது. கரண்ட் திரும்பும்போது ராத்திரி இரண்டு மணி. மறுநாள் வெயில் வழக்கம்போல. ஈரம் சேர்ந்ததால் புழுக்கம் மட்டும் கூடுதல்.

ஏ.சி. இருக்கிறதே என்பாய். பெரியவள் வாங்கிக் கொடுத்ததுதான். கணக்கு எழுதினவர் வீட்டில் ஏ.சி. எப்படி ஓடும் என்று நினைக்கிறாய்? காலையில் பல் விளக்கியதும் மீட்டரைப் போய்ப் பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். அதனால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினம் ஒரு எண். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை ஏ.சி., மற்ற நேரம் கூலர். கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவது இவர் வேலை. தண்ணீர்த் தொட்டியில் வெட்டிவேர் ஒரு கட்டுப் போடுவது மட்டும் என் யோசனை. அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் பேச்சு நேரம். பேசுகிறோம் என்றால் ஏதோ பெரிதாக இல்லை. இவர் அம்மா ஆற்காட்டில் களி கிண்டும்போது துடுப்பை எப்படிப் பிடிப்பாள், கம்பெனியில் யார் யாருக்கு முன்பணம் கொடுத்து வராமல் போனது, என் தலைமையாசிரியை என்னை என்ன பாடு படுத்தினாள், இதெல்லாம்தான். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதில் பாதி எனக்குத் தெரியாது. இவருக்கு என் கதை அதுகூடத் தெரியாது.

சமையல் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் கூழ்தான். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க விட்டு, சாயங்காலம் நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கிண்டி இறக்கிவிடுவேன். காலையில் மோர் விட்டுக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் சரி. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மல்லாட்டை (வேர்க்கடலை) துவையல், கிளிமூக்கு மாங்காய்ப் பத்தை. வாரத்தில் ஒருநாள் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஆறு மணிக்கே போகிறோம். இவர் பை தூக்குவார், நான் பேரம் பேசுவேன். முள்ளுக் கத்திரிக்காய் வந்தால் மட்டும் இரண்டு பேரும் குனிகிறோம். அதுதான் நம் இலவம்பாடிக் காய். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து விற்கிற பாட்டிகளுக்கு ஒரு மிதப்பு. காம்பில் முள் விறைப்பாக இருந்து விரலில் குத்த வேண்டும், அப்போதுதான் அன்று பறித்தது. குத்தினால் இவருக்கு ஒரு சந்தோஷம். விதை குறைவு, வதக்கினால் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் என்ன விலை கொடுத்தாலும் இது வராது, சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

மாடி ரூமை இப்போதும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத்தான் விடுகிறோம். இந்த முறை வந்திருப்பது பாரக்பூரிலிருந்து ஒரு வங்காளி ஜோடி, எங்கள் வயதுதான் இருக்கும். அவருக்குச் சிகிச்சை, இந்த அம்மாள் துணைக்கு. என்னை மாசிமா (சித்தி) என்கிறாள், நான் அவளைத் தீதி (அக்கா) என்கிறேன். யார் மூத்தவள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. நீ இருந்த காலத்தைவிட இப்போது தெருவே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளி எழுத்தில் போர்டு, தெருமுனைக் கடையிலேயே கடுகெண்ணெய், ஆட்டோக்காரர்கள் அவர்கள் பாஷையிலேயே வாடகை சொல்கிறார்கள். தீதி முள்ளுக் கத்திரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி, மஞ்சள் உப்புத் தடவிக் கடுகெண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். எண்ணெய் நெடி எனக்குப் பிடிபடவில்லை. இவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

இந்த மாதத்துக் கதாநாயகி வடகம்தான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

பச்சரிசி மாவு, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்த விழுது, சீரகம், பெருங்காயம், கடைசியில் எலுமிச்சைச் சாறு. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிண்டும்போது கை விட்டுப்போகும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரவேண்டும். ஐந்து மணிக்குப் பாத்திரத்தோடு மாடிக்குப் போய்விடுவோம். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைப்பேன். அச்சைப் பிழிவது இவர். என் மணிக்கட்டு இப்போது ஒத்துழைப்பதில்லை. இவர் பிழிந்தால் வரிசை கோணாது, இடைவெளி மாறாது, லெட்ஜர் எழுதின கை. ஒரு வரிசைக்குப் பத்து, கூட்டல் போட்டு எத்தனை என்று சொல்வார். நான் பிழிந்தால் பிள்ளையார் தொப்பையும் வரும், பாம்பும் வரும். முந்தா நாள் மீதி மாவை நான் பிழிந்ததை ஒரு மூலையில் தனியாக ஒதுக்கி, "இது வேற கணக்கு" என்றார்.

அப்புறம் காக்கா காவல். கறுப்புக் குடையை விரித்துவைத்து அதன் கீழே நாற்காலி. எட்டு மணி வரை தாங்கும். அதற்குமேல் குடையை மட்டும் விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். வேட்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் சலசலவென்று கையோடு வரும். மறுநாள் தாம்பாளத்தில் இன்னொரு வெயில்.

இதைத் தீதி இரண்டு நாள் படியில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் உளுந்து ஊறவைத்து அரைத்து, பூசணிக்காய் துருவிச் சேர்த்து, நுரைக்க நுரைக்க அடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். அவர்கள் ஊர் வடகம், போரி என்கிறாள். அங்கே குளிர்காலத்தில்தான் போடுவார்களாம், காய நாள் பிடிக்குமாம். இங்கே ஒரே நாளில் கல் மாதிரி ஆனதைப் பார்த்து அவளுக்கு நம்ப முடியவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் பெரிதாக இரண்டு உருண்டை வைத்தாள். ஒன்று கிழவன், ஒன்று கிழவி. கிழவிக்கு நெற்றியில் குங்குமம், இரண்டுக்கும் தலையில் அருகம்புல். அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். அவள் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். இவர் காவலுக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறார். காக்கா வந்து கிழவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கிழவி மட்டும் குங்குமத்தோடு வேட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பதறிவிட்டேன், சிகிச்சைக்கு வந்தவர்கள், மனசில் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று. தீதியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மீதி மாவில் வேறு ஒரு கிழவனைப் பிடித்து, முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே, பக்கத்தில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கோட்டைக்கு நடக்கிறோம். நாம் கல்லூரியில் சொல்லிச் சிரிப்போமே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. 1981ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் வைத்தபோது நீயும் நானும் கூட்டத்தில் நசுங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? உன் செருப்பு போனது அன்றைக்குத்தான். இப்போது பிரகாரக் கல்லில் ஆறு மணிக்குக்கூட வெறுங்கால் வைக்க முடியவில்லை, விரிப்பு ஓரமாகவே நடக்க வேண்டியிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்குள் போய்விட்டால் மட்டும் தரை குளுகுளுவென்று இருக்கிறது. எனக்குச் சாமி தரிசனம் பாதி, அந்தத் தரை பாதி.

ஆற்றுக்கும் தண்ணீர் வந்தது, 2021 நவம்பரில். இரு கரை தொட்டுப் பாலாறு ஓடியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. இப்போது காட்பாடிக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாலத்தின் மேல் இவர் ஜன்னலைக் காட்டி "இதோ இந்த உசரத்துக்குப் போச்சு" என்பார். கீழே வெறும் மணலும் முள்செடியும். ஒவ்வொரு தடவையும் "அப்படியா" என்பேன். குழாயில் வருகிறது காவிரித் தண்ணீர். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு மேட்டூரைக் குடிக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுக்காரர்களையும் கோட்டைக்கு அழைத்துப்போனோம். அகழிக்கரையில் உட்கார்ந்து இவர் 1806 சிப்பாய்ப் புரட்சிக் கதையை எடுத்துவிட்டார். ஜூலை 10, விடியாத நேரம், தாடி மழி, நெற்றிக்குறி இடாதே, புதுத் தொப்பி போடு என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டது, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், எல்லாம் பாதி இந்தியில், பாதி கையால். "இதுதான் முதல் புரட்சி" என்று முடித்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தவர், பாரக்பூர் என்கிற பேரைச் சொல்லி நிமிர்ந்தார். மங்கள் பாண்டே துப்பாக்கி எடுத்தது அவர் ஊரில் அல்லவா! இவர் விரலை நீட்டி 1857லிருந்து 1806ஐக் கழித்துக் காட்டுகிறார், 51. அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிறார். நானும் தீதியும் மாங்காய்ப் பத்தை வாங்கித் தின்று முடித்தும் சண்டை முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு அன்று முகமே வேறாக இருந்தது.

சித்ரா பௌர்ணமிக்குப் பூப்பல்லக்குப் பார்த்தோம், நள்ளிரவு தாண்டி. வைகாசி முதல் தேதி குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கும் போனோம். முதல் பஸ்ஸில் ஏறி, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பியதைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம். வழியெல்லாம் சூறைத் தேங்காய். சில்லு மிதித்துக் கால் வலிக்கிறது, நாலு அடிக்கு ஒரு மோர்ப் பந்தல். கோபாலபுரம் வரை நடக்கத் தெம்பில்லை, வெயிலுக்கு முன் திரும்பிவிட்டோம். அம்மன் தலை தெரிந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கினார். தெருவில், எல்லார் எதிரிலும். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் செய்தவர் இல்லை.

மற்ற சேதி: சின்னவன் ஓசூரிலேயே இருக்கிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறான். ஆம்பூர்த் தங்கை மகளுக்கு ஆவணியில் நிச்சயம், மாப்பிள்ளை வாலாஜா. பெண் வீடு திருப்பத்தூர் மாவட்டம், மாப்பிள்ளை ராணிப்பேட்டை மாவட்டம், மண்டபம் வேலூர் மாவட்டம். 2019க்கு முன்னால் எல்லாம் ஒரே மாவட்டம். 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் சேர்ந்த வட ஆற்காடு. பத்திரிகை எழுதும்போது இவர் ஒரு வரைபடம் போட்டாலும் ஆச்சரியமில்லை. நீயும் அண்ணாவும் அதற்குக் கட்டாயம் வர வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை நம்பி உட்கார்ந்துவிடாதே, டாக்டரைப் பார்.

எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். ஆற்காடு மக்கன் பேடா அரைக்கிலோ, அதில் உனக்கு ஒன்றே ஒன்று, மீதி பேரப்பிள்ளைகளுக்கு. வடகம் இரண்டு டப்பா: வரிசையாக இருப்பது இவர் பிழிந்தது, கோணல்மாணல் என்னுடையது. தனியாகப் பொட்டலத்தில் தீதியின் போரியும் கொஞ்சம் வைத்திருக்கிறேன், அதைப் பொரித்துக் குழம்பில் போடு. பொரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெயிலில் காட்டிவிடு. உங்கள் ஊர் வெயிலென்றால் இரண்டு நாளாக வை.

அன்புடன்,
வசந்தா